சோழர் காலப் படத்தில் வயலின் ஒலிக்கலாமா?

வரலாற்றுப் படம் ஒன்று திரைக்கு வந்ததும் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம் ஆட்களிடையே ஒரு கேள்வி கிளம்பிவிடும்: “ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதையில் வயலின் எங்கிருந்து வந்தது?” நியாயமான கேள்வி. ஐரோப்பியரோடு வந்த வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்ததோ 1010இல். நடுவே 800 ஆண்டுகள் கிடக்கின்றன.

வயலின் வரலாமா என்பதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒலி திரைக்குள் இருப்பவர்களின் காதில் விழுகிறதா, அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம் காதில் மட்டும் விழுகிறதா? வரலாற்றுப் படத்துக்கு இசையமைக்க நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. எந்த இசையை எப்போது பதிவு செய்வது, யாரை வாசிக்க அழைப்பது, எதில் வரலாற்றுக்குக் கட்டுப்படுவது, எதில் துணிந்து விலகுவது எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தேரி ஸ்டூடியோக்களில் இசை உதவியாளராக வேலை பார்ப்பதால் இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் என்னிடம் வருகிறார்கள். சாஃப்ட்வேர் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

திரைக்குள் ஒலிக்கும் இசை

அரசவையில் ஒருத்தி ஆடுகிறாள். கோயிலில் ஓதுவார் பாடுகிறார். போர்முனையில் கொம்பு முழங்குகிறது. இவை கதாபாத்திரங்களும் கேட்கிற ஒலிகள். வாத்தியம் கேமராவுக்கு முன்னால் இருக்கிறது. வாசிப்பவரின் விரல் தெரிகிறது. இந்த இசை வரலாற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சோழர் அவையில் ஆர்மோனியம் இருந்தால் பிழை. அது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்த பெட்டி. வீணை இருக்கலாம், ஆனால் இன்று கச்சேரியில் பார்க்கும் 24 மெட்டு வீணையாக இருக்கக் கூடாது. அந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டில், தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பார்கள். சங்க காலக் கதை என்றால் யாழ். நாதஸ்வரத்திலும் கவனம் வேண்டும். நாம் இன்று கேட்கும் நீண்ட பாரி நாயனத்தைப் பரவலாக்கியவர் 20ஆம் நூற்றாண்டின் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அதற்கு முன் கோலோச்சியது குட்டையான, சுருதி கூடிய திமிரி நாயனம்.

வாத்தியத்தைச் சரிபார்த்துவிடலாம். அது அன்று எப்படி ஒலித்தது என்பதைச் சொல்ல ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. அதனால் சான்றுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்படித் தேடும்போது சில நேரம் புதையல் கிடைக்கும். பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ராஜராஜன் நியமித்த செய்தியைச் சொல்கிறது. ஆக 50 பேர், ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிடத் தெளிவான பட்டியலை யார் கொடுப்பார்கள்? எத்தனை குரல், எந்தத் தாளவாத்தியம், எல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

அந்தக் காட்சியை மும்பையில் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். 48 பாடகர்களை அழைக்கப் பணம் இருக்காது. அத்தனை பேர் நிற்கும் கூடமும் எளிதில் அமையாது. 12 பேரை அழைத்து, ஒரே பதிகத்தை நான்கு முறை பாடச் சொல்லி, நான்கையும் அடுக்கினால் 48 குரல். ஒவ்வொரு முறையும் அவர்களை இடம் மாறி நிற்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதே குரல் அதே இடத்திலிருந்து நான்கு மடங்காகக் கேட்கும். கூட்டம் போல் இருக்காது. ராகத்துக்கும் வழி இருக்கிறது. தேவாரப் பண்களை ஓதுவார் மரபு ராகங்களோடு இணைத்து வைத்திருக்கிறது. சம்பந்தரின் முதல் பதிகம் நட்டபாடைப் பண். இன்று அதைக் கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். ராகங்களை 72 தாய் ராகங்களின் கீழ் வகுக்கும் மேளகர்த்தா அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அதில் மட்டுமே கிடைக்கும் அபூர்வ ராகம் ஒன்றைச் சோழ ஓதுவார் வாயில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மும்பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கோரஸ் பாடும் தொழில்முறைப் பாடகர்கள் அருமையான குரல்வளம் உள்ளவர்கள். ஆனால் பாட்டைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தால்தான் பாடுவார்கள். இந்தி எழுத்து முறையில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ழகரமும் றகரமும் வழியிலேயே காணாமல் போய்விடும். தஞ்சை ஓதுவார்கள் பாடுவது போன்ற காட்சியில் அந்த உச்சரிப்பு வந்தால் படமே பொய்யாகிவிடுகிறது. இந்த ஊரில் தமிழ்ப் பாடகருக்கா பஞ்சம்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பஜனை நடக்கிறது. தேவாரம் தெரிந்தவர்கள் நம் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேரைத் தொழில்முறைப் பாடகர்களின் நடுவே நிறுத்தி முன்னால் பாட வைத்தால், மற்றவர்களின் நாக்கும் அந்தப் பக்கம் திரும்பும். நான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பட்ஜெட்டில் கடைசியாக நினைவுக்கு வருவது இதுதான்.

திரைக்குள் ஒலிக்கும் இசையைப் படப்பிடிப்புக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். நடிகர் அதற்கு வாயசைக்கிறார், ஆடுபவர் அதற்கு அடி வைக்கிறார், மத்தளக்காரராக நடிப்பவரின் கை அதோடு பொருந்துகிறது. அவசரத்துக்கு ஒரு தற்காலிகப் பதிவைப் போட்டுப் படம்பிடித்துவிட்டுப் பிறகு நல்ல குரலில் மாற்றுவதும் உண்டு. அப்போது வேகத்தை இம்மியும் மாற்றக் கூடாது.

இந்த இசையிலும் நூற்றுக்கு நூறு வரலாறு சாத்தியமில்லை. இதே மும்பையில் உருவாகி 1960இல் வந்த ‘முகல்-ஏ-ஆசம்’ நல்ல உதாரணம். அடுத்த ஆண்டே ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அக்பர் அவையின் பாடகர் தான்சேனுக்குக் குரல் கொடுக்க, இசையமைப்பாளர் நௌஷாத் இந்துஸ்தானிப் பாடகர் படே குலாம் அலி கானையே பாட வைத்தார். தான்சேன் பாடியது துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாணி. படே குலாம் அலி கானின் பாணி அதற்கு மிகவும் பிற்பட்டது. கறாராகப் பார்த்தால் பொருந்தாது. ஆனால், இவர்தான் பேரரசின் தலைசிறந்த பாடகர் என்று ரசிகர் நம்ப வேண்டிய இடத்தில் அந்தக் குரலைவிடப் பெரிய சான்று இல்லை. ஒலியின் நுணுக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் திரையில் இருக்கும் மனிதரின் தகுதியை அந்த ஒலி குறைத்துவிடக் கூடாது. என் அளவுகோல் இதுதான்.

நமக்கு மட்டும் கேட்கும் இசை

அதே மன்னன் தனியறையில் நிற்கிறான். மகன் இறந்த செய்தி வந்திருக்கிறது. மெல்ல எழும் அந்த இசை அவன் காதில் விழவில்லை. அது நமக்காக ஒலிப்பது. இதைப் பின்னணி இசை என்றும் ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்) என்றும் சொல்கிறோம். இங்கே வயலினுக்குத் தடையில்லை, பியானோவுக்கும் இல்லை, சின்தசைசருக்கும் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இந்த நூற்றாண்டின் மனிதர். அவருடைய உணர்வோடு பேசுவது இந்த இசையின் வேலை. 18ஆம் நூற்றாண்டுக் கதையான ‘பேரி லிண்டன்’ படத்தில் இயக்குநர் குப்ரிக், 1827இல் எழுதப்பட்ட ஷூபர்ட்டின் பியானோ டிரியோவைத் தெரிந்தே பயன்படுத்தினார். கதையின் காலத்து இசையில் அந்தக் காதல் சோகம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கேட்பவர் மனத்தில் ஓர் இடம் உண்டு. மன்னன் குதிரையில் வரும்போது மல்லாரி வாசித்தால் கம்பீரமாக இருக்கும் என்று ஒருவர் நினைக்கலாம். தமிழ் ரசிகருக்கு மல்லாரி என்றால் சுவாமி புறப்பாடு. கோபுர வாசலும் பல்லக்கும் கண்முன் வந்துவிடும். மன்னனைத் தெய்வமாகவே காட்டும் காட்சி என்றால் சரி, இல்லையென்றால் தவறு. தெற்கத்திக் காட்சி என்றதும் மூன்று நொடி நாதஸ்வரத்தை எங்கிருந்தோ வெட்டி ஒட்டும் வழக்கம் இங்கே பல எடிட்டிங் அறைகளில் இருக்கிறது. ஆயுள் முழுக்க ஒருவர் உழைத்துப் பழகும் வாத்தியத்தை ஊர்ப் பெயர்ப்பலகை போல் மாட்டுவது எனக்கு வலிக்கிறது.

பின்னணி இசை தொடங்குவது, படத்தொகுப்பு முடிந்து காட்சிகளின் நீளம் உறுதியான பிறகு. இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தை முழுக்க ஓடவிட்டு, எங்கே இசை நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று குறிப்பார்கள். எங்கே இசையே வேண்டாம் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். எடிட்டர் தற்காலிகமாக வேறு ஏதோ படத்தின் இசையைப் போட்டு வைத்திருப்பார். இயக்குநரின் காது அதற்குப் பழகிப்போயிருக்கும். அதை அணைத்துவிட்டு ஒரு முறையாவது பார்க்கக் கேளுங்கள்.

அடுத்தது கணக்கு. பலர் பயப்படுவது இங்கேதான். உண்மையில் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ராணி ஓர் ஓலையைப் படிக்கிறாள். இசை தொடங்கி 37.5 நொடியில் ஓலை கையிலிருந்து நழுவுகிறது. அந்தக் கணத்தில் இசை திரும்ப வேண்டும். 37.5 நொடி என்றால் 900 ஃபிரேம். நிமிடத்துக்கு 96 பீட் வேகம் எடுத்தால், ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். 900ஐ 15ஆல் வகுத்தால் 60 பீட், அதாவது நாலு பீட் கொண்ட பார் 15. ஓலை நழுவுவது 16ஆவது பாரின் முதல் பீட்டில் அச்சாக வந்து விழுகிறது. வாசிப்பவர் காதில் ஹெட்போன் வழியே கேட்கும் ‘டிக் டிக்’ ஓசையைக் கிளிக் என்கிறோம். அது இந்தக் கணக்கின்படிதான் ஓடுகிறது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு எடிட்டிங் அறையிலிருந்து போன் வரும்: காட்சியில் 2 நொடி குறைத்துவிட்டோம். இது நடந்தே தீரும். இப்போது 900இல் 48 போக 852 ஃபிரேம். அதே 60 பீட்டை அதற்குள் அடைக்க வேகத்தை 96இலிருந்து ஏறக்குறைய 101.4 ஆக்கலாம். ஆனால் துக்கக் காட்சியில் அந்த அவசரம் காதுக்குத் தெரிந்துவிடும். நான் செய்வது வேறு. வேகத்தைத் தொடாமல் மூன்று பீட்டை எடுத்துவிடுவேன். 57 பீட், 855 ஃபிரேம். திருப்பம் 3 ஃபிரேம் தாமதமாக வரும், நொடியில் எட்டில் ஒரு பங்கு. இசை ஒரு கண்ணிமைப்பு பிந்தினால் ரசிகர் மன்னிப்பார். முந்தினால் நடக்கப்போவதைக் காட்டிக் கொடுத்துவிடும். 57ஐ எப்படிப் பிரிப்பது? 13 பார் நாலு பீட், கடைசி ஒன்று மட்டும் ஐந்து.

வயலின்காரர்களுக்கு இதை மேற்கத்திய இசைக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுத்தால் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார்கள். மும்பையில் அந்த மரபை வளர்த்தவர்கள் கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள். அந்தோணி கோன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா போன்ற அரேஞ்சர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இந்த ஊரின் திரையிசை நிற்கிறது. தவில் வித்வானுக்கு அந்தத் தாள் தேவையில்லை. “அண்ணே, 13 தடவை நாலு, கடைசி ஒண்ணு மட்டும் அஞ்சு” என்றால் போதும். விரலில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, “அந்த அஞ்சுல சின்னத் தீர்மானம் வச்சு இறக்கிடட்டுமா தம்பி?” என்று கேட்பார். தாளத்தை ஓர் இடத்தில் முடித்துவைக்கும் சொற்கட்டுதான் தீர்மானம். குறித்த இடத்தில் வந்து விழுவது நம் தாளவாத்தியக்காரர்களுக்குப் புதிதல்ல; பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குத் தீர்மானம் வைப்பதே அவர்களின் அன்றாடத் தொழில்.

ஸ்டூடியோவில்

பதிவுக்கு முன் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி வடிவம் செய்து இயக்குநருக்குப் போட்டுக் காட்டுவது இன்றைய வழக்கம். மேற்கத்திய வாத்தியங்களுக்கு அருமையான ஒலித்தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. செல்லோவை அழுத்தி வாசித்தாலும் வருடி வாசித்தாலும் தனித்தனியாக இருக்கும். நாதஸ்வரத்துக்கு அப்படி இல்லை. சுரத்துக்குச் சுரம் பதிந்து வைத்தாலும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் கமகத்தைக் கீபோர்டு கட்டையால் கொண்டுவர முடியாது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தைக் கீபோர்டில் முயன்று பாருங்கள், புரிந்துவிடும். மாதிரி வடிவத்தில் அந்த இடத்தை வாயால் பாடிப் பதிந்து வையுங்கள். இயக்குநருக்கு அதுவே நன்றாக விளங்கும்.

ஆர்கெஸ்ட்ராவும் நம் வாத்தியமும் சேரும்போது சுருதிதான் முதல் பிரச்சினை. ஆர்கெஸ்ட்ரா 440 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்துச் சுருதி சேர்க்கும். எந்த ஸ்கேலுக்கும் மாறும். நாயனத்தின் சுருதியோ அதன் நீளத்திலும் துளையிலும் கட்டுண்டு கிடக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியாலும் மூச்சாலும் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். ஆகவே மெட்டு எழுதும் முன்பே போன் போட்டுக் கேட்க வேண்டியது: “உங்க நாயனம் எத்தனை கட்டை?” கட்டை என்பது நம் சுருதி அளவு. இரண்டு கட்டை என்றால் டி ஸ்கேல். வயலினின் திறந்த தந்திகளில் ஒன்றே டி என்பதால் நரம்பு வாத்தியங்கள் எல்லாம் செழிப்பாக முழங்கும். இரண்டரைக் கட்டை என்றால் அந்த முழக்கம் குறையும், விரல் வைப்பும் கடினமாகும். அதற்கேற்ப எழுத வேண்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகு வித்வானை வரவழைத்து “அரைக் கட்டை ஏத்த முடியுமா?” என்று கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இரண்டாவது பிரச்சினை சத்தம். தவிலும் நாயனமும் திறந்த வெளிக்காக உருவான வாத்தியங்கள். நரம்பு வாத்தியங்கள் இருக்கும் கூடத்திலேயே அவற்றை உட்கார வைத்தால் எல்லா மைக்கிலும் தவில்தான் கேட்கும். தனி அறையில், அல்லது தனி நாளில் பதிய வேண்டும். மைக்கை நாயனத்தின் அகன்ற கீழ்முனையான அணசுக்கு நேராக வைக்கவே கூடாது. ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீட்டராவது தள்ளி, நாயனத்தின் நடுப்பகுதியைப் பார்த்தபடி வைத்தால் மூச்சும் மரமும் சேர்ந்து கேட்கும். மழைக்காலம் என்றால் தோல் வாத்தியக்காரர்களை முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். மும்பை ஈரத்தில் தளர்ந்திருக்கும் தோல், ஏசி அறையின் வறட்சிக்குப் பழகிச் சுருதி நிலைக்க நேரம் பிடிக்கும். தாராவியில் பொங்கலுக்குப் பறை அடிக்கும் இளைஞர்களைக் கேளுங்கள், ஈரத்தில் தோல் என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள்.

கிளிக்குக்கு வருவோம். கோயிலிலும் கச்சேரியிலும் வாசித்தவர்களுக்கு அது ஆரம்பத்தில் மூச்சுமுட்டும். ஆலாபனை போல் தாளமில்லாத இடங்களில் கிளிக்கை நிறுத்திவிட்டு, திரையில் காட்சியை ஓடவிட்டு, அதைப் பார்த்தே வாசிக்கச் சொல்லலாம். நீளம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அந்த உயிர் கிளிக்கோடு வராது.

பதிந்ததை எல்லாம் ஒரே ஒலியாகக் கலந்து கொடுப்பதில்லை. நரம்பு, பித்தளை, தாளம், தனி வாத்தியம், குரல் என்று பிரித்தே இறுதிக் கலவைக்கு அனுப்புகிறோம். காரணம் எளிது. அங்கே வசனம்தான் ராஜா. நாதஸ்வரத்தின் கூர்மையான ஒலி, மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டிய அலைவரிசையிலேயே வந்து மோதும். தனியாக இருந்தால் அதை மட்டும் தணித்துவிடலாம். போர்க் காட்சியில் குதிரைக் குளம்பும் பெரிய முரசும் அடிநாதத்தில் முட்டிக்கொள்ளும்; யார் எப்போது ஒதுங்குவது என்று ஒலி வடிவமைப்பாளரோடு முன்பே பேசிவிட வேண்டும்.

பிரித்து வைப்பதற்கு மொழிமாற்றமும் காரணம். வரலாற்றுப் படங்கள் இன்று பல மொழிகளில் ஒரே நாளில் வெளியாகின்றன. வசனம் நீங்கலாக இசையும் மற்ற ஒலிகளும் தனியாகக் கிடைத்தால்தான் மொழிமாற்றம் செய்ய முடியும். பின்னணியில் சொற்கள் கொண்ட கோரஸ் இருந்தால், ஒவ்வொரு மொழிக்கும் அதை மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று பதிவின்போதே தீர்மானிக்க வேண்டும். தேவாரத்தை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். அது திரைக்குள் ஒலிக்கும் இசை, இந்தி பேசும் ரசிகருக்கும் அந்த ஓதுவார் தமிழில்தான் பாட வேண்டும். ‘முகல்-ஏ-ஆசம்’ 2004இல் வண்ணத்தில் வந்தபோது பாடகர்களின் பழைய குரலை வைத்துக்கொண்டு, வாத்திய இசையை உத்தம் சிங் மேற்பார்வையில் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். குரல் தனி, வாத்தியம் தனி என்று இருப்பதன் அருமை அதில் தெரியும்.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு காட்சியில் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, திரையில் இருப்பவர்கள் எந்தெந்த ஒலியைக் கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இசை திரும்ப வேண்டிய ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனையாவது ஃபிரேம் என்று குறியுங்கள். ஒரு பீட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று வைத்து, அந்த எண்ணை 15, 16, 18, 20 என்று வகுத்துக்கொண்டே போனால் எந்த வேகம் பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். கீபோர்டைத் திறப்பது அதற்குப் பிறகு.